தீர்ப்பாயமும் விடுதி அறையும்: வளாகப் பாலியல் வன்முறை குறித்த அமெரிக்க ஆய்வுகளும் அரங்கும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் நிகழும் பாலியல் வன்முறையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சமூக அறிவியல் ஆய்வுகளும் நாடக நிகழ்த்துதல்களும் தனித்தனியே பேசி வருகின்றன. ஆய்வுகள் படிப்படியாகக் குற்றவாளி என்னும் தனிமனிதரிலிருந்து விலகி, வன்முறைக்கு வழிசெய்யும் அறை, விருந்து, நட்பு வட்டம் ஆகியவற்றின் அமைப்பை நோக்கி நகர்ந்துள்ளன. நாடகங்களோ பெரும்பாலும் விசாரணையின் வடிவத்தைக் கைக்கொண்டு, பார்வையாளரைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்த்துகின்றன. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ‘ஷிஃப்ட்’ ஆய்வு, அன்னா ஸீக்லரின் ‘ஆக்சுவலி’ நாடகம், எம்மா சுல்கோவிச்சின் மெத்தை நிகழ்த்துகலை, விவாத அரங்கு முயற்சிகள் ஆகியவற்றை ஒருசேர வைத்து இவ்விலகலை இக்கட்டுரை ஆராய்கிறது. பார்வையாளரை எவ்விடத்தில் அமர்த்துகிறது என்பதே இவ்வகை அரங்கை மதிப்பிடுவதற்கான முதன்மை அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வளாகப் பாலியல் வன்முறை, இசைவு, இனவரைவியல், விவாத அரங்கு, பார்வையாளர், நிகழ்த்துகலை

1. முன்னுரை

பாலியல் வன்முறையை மேடையில் காட்டுவது அரங்கின் பழைய சிக்கல்களுள் ஒன்று. காட்டினால் காட்சிப்பொருளாகிவிடும், காட்டாமல் விட்டால் வெறும் செய்தியாகச் சுருங்கிவிடும். கல்வி வளாகத்தைக் களமாகக் கொள்ளும்போது இச்சிக்கல் மேலும் இறுகுகிறது. இங்கே வன்முறைக்கு உள்ளானவரும் அதனைச் செய்தவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்; ஒரே வகுப்பில் அமர்பவர்கள்; ஒரே உணவுக்கூடத்தில் உண்பவர்கள். நிகழ்வுக்குச் சாட்சி இருப்பதில்லை. மது கலந்திருக்கலாம். நிகழ்ந்ததற்கு என்ன பெயரிடுவது என்பதே உள்ளானவருக்கும் உடனே தெளிவாவதில்லை.

இத்தகைய நிகழ்வை விளங்கிக்கொள்ள ஆய்வு ஒரு வழியையும் அரங்கு வேறொரு வழியையும் தேர்ந்துள்ளன. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு: ஆய்வு எண்ணிக்கையைத் தருகிறது, அரங்கு உணர்வைத் தருகிறது என்பதே அக்கூற்று. இது வசதியான பிரிவினை. ஆனால் முழுவதும் சரியன்று. அண்மைக்கால ஆய்வுகள் சொல்வதற்கும் அறியப்பட்ட நாடகங்கள் பல கட்டமைப்பதற்கும் இடையே அடிப்படையான முரண் ஒன்று உள்ளது. அம்முரணை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எண்களும் பெயரிடுதலும்

இத்துறையின் திருப்புமுனை 1987இல் மேரி காஸும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வாகும். அமெரிக்காவின் 32 உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 6,159 மாணவர்களிடம் அவர்கள் வினாநிரல் வழித் தரவு திரட்டினர். அவ்வினாநிரலின் முறைமை கருதத்தக்கது. ‘வல்லுறவு’ என்னும் சொல்லை நேராக வைத்துக் கேட்காமல், நிகழ்ந்த செயலை விவரித்து, அப்படி ஒன்று உங்களுக்கு நிகழ்ந்ததுண்டா என்று அது வினவியது. பதினான்கு வயது முதல் சட்டப்படி வல்லுறவோ வல்லுறவு முயற்சியோ ஆகத்தக்க நிகழ்வுக்கு உள்ளானதாக 27.5 விழுக்காட்டு மாணவியர் கூறினர். ஆயினும் சட்ட வரையறைப்படி வல்லுறவுக்கு உள்ளானோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே அதனை வல்லுறவு என்று தாமே பெயரிட்டனர். மறுபுறம், இத்தகைய செயலைச் செய்ததாக ஒப்புக்கொண்ட ஆண்கள் 7.7 விழுக்காட்டினர், அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தம் செயலை அப்பெயரால் அழைக்கவில்லை.

இந்த எண்களைப் பற்றி எழுந்த விவாதம் பெரிது. பெயரிடாதவரைப் பாதிக்கப்பட்டவராகக் கணக்கிடலாமா என்று ஒரு சாரார் எதிர்த்தனர். ஆனால் அரங்கு நோக்கில் பார்க்கும்போது இவ்வாய்வின் பயன் விழுக்காட்டில் மட்டும் இல்லை. செயலையும் பெயரையும் அது பிரித்துக் காட்டியதில் உள்ளது. ‘அது வல்லுறவா, இல்லையா?’ என்ற வினாவே நாடகங்கள் பலவற்றை நகர்த்தும் விசை. காஸின் ஆய்வோ அவ்வினாவைத் தள்ளி வைத்துவிட்டு ‘என்ன நிகழ்ந்தது?’ என்று கேட்டபோதுதான் விடை பெற்றது.

பின்னர் வந்த பெருங்கணக்கெடுப்புகள் அளவில் இதனை ஒத்தே செல்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2019இல் 33 நிறுவனங்களில் நடத்திய கணக்கெடுப்பில், வன்வலிமையாலோ இசைவு தர இயலாத நிலையைப் பயன்படுத்தியோ நிகழ்ந்த பாலியல் தொடுகைக்கு உள்ளானதாக இளநிலை மாணவியரில் 25.9 விழுக்காட்டினர் தெரிவித்தனர். இத்தகைய கணக்கெடுப்புகளில் விடையளிப்போர் தாமாக முன்வருவோர் என்பதால் அவற்றின் சார்பு குறித்த ஐயம் நியாயமானது. ஆயினும் எண்ணிக்கையின் பருமை ஒன்றைத் தெளிவாக்குகிறது. இவ்வளவு பரவலான ஒன்றைச் சில கொடியவர்களின் செயலாக மட்டும் விளக்க இயலாது.

அப்படி விளக்க முயன்ற ஆய்வும் உண்டு. 2002இல் டேவிட் லிசாக், பால் மில்லர் ஆகியோர் 1,882 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், வல்லுறவோ அதன் முயற்சியோ செய்ததாக ஒப்புக்கொண்ட 120 பேரில் 76 பேர் மீண்டும் மீண்டும் அதனைச் செய்தவர்களாக இருந்தனர். ‘தொடர் வேட்டையர்’ என்னும் படிமம் பல்கலைக்கழகக் கொள்கைகளில் வேரூன்ற இவ்வாய்வு காரணமாயிற்று. 2015இல் கெவின் ஸ்வார்ட்அவுட்டும் பிறரும் நெடுங்காலத் தரவுகளைக் கொண்டு இதனை மறுபரிசீலனை செய்து, கல்லூரிக் காலத்தில் வல்லுறவில் ஈடுபட்டோரில் பெரும்பாலோர் அப்படிமத்துள் அடங்கார் என்று காட்டினர். அரங்கும் இப்படிமத்தின் வழித்தடத்தில் நடந்திருக்கிறது. வில்லனை உருவாக்குவது மேடைக்கு எளிது. அவன் வெளியேற்றப்பட்டதும் வளாகம் தூய்மையாகிவிட்டதாகப் பார்வையாளரும் அமைதி கொள்ளலாம்.

3. அறையின் அமைப்பு: ‘ஷிஃப்ட்’ ஆய்வு

கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த பர்னார்டு கல்லூரியிலும் ஜெனிஃபர் ஹெர்ஷ், கிளாட் மெல்லின்ஸ் ஆகியோர் தலைமையில் நடந்த ‘ஷிஃப்ட்’ ஆய்வு இத்துறையை வேறு திசைக்குக் கொண்டு சென்றது. 2016இல் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளநிலை மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 1,671 பேர் விடையளித்தனர். கல்லூரியில் சேர்ந்தபின் ஒருமுறையேனும் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக மொத்தத்தில் 22 விழுக்காட்டினர் கூறினர். மாணவியரில் இது 28, மாணவரில் 12.5, இருபாலின வரையறைக்குள் அடங்காதோரில் 38 விழுக்காடு. ஆண்களும் உள்ளாகின்றனர் என்பதும், பால் வரையறையின் விளிம்பில் இருப்போரே மிகுதியாக உள்ளாகின்றனர் என்பதும் இதனால் புலனாயின.

இக்கணக்கெடுப்புடன் இணைந்து நடந்த இனவரைவியல் களப்பணியே இக்கட்டுரைக்கு முதன்மையானது. 151 மாணவர்களுடன் ஆழ்நேர்காணல்கள் நடத்தப்பட்டன. இளம் ஆய்வாளர்கள் விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் விருந்துகளிலும் மாணவரோடு நேரம் செலவிட்டனர். ஹெர்ஷும் சமூகவியலாளர் ஷேமஸ் கானும் இத்தரவுகளைக் கொண்டு எழுதிய ‘செக்ஷுவல் சிட்டிசன்ஸ்’ 2020இல் நூலாக வெளிவந்தது. மூன்று கருத்தாக்கங்களை நூல் முன்வைக்கிறது. ஒருவர் பாலுறவை எதற்காக நாடுகிறார் என்பது அவரது பாலியல் நோக்கம். இன்பம், நெருக்கம், நண்பரிடையே மதிப்பு, அனுபவம் சேர்த்தல் என எதுவாகவும் அது இருக்கலாம். தனக்கும் பிறருக்கும் உடல்மீதான தன்னுரிமை உண்டு என்று உணர்ந்திருப்பது பாலியல் குடியுரிமை. யார் எந்த இடத்தை ஆள்கிறார், யாருக்கு வெளியேற வழி உண்டு என்பது பாலியல் புவியியல்.

மூன்றாவது கருத்தாக்கமே அரங்கியலாளருக்கு மிகவும் பயன்படுவது. விடுதி அறையில் அமர்வதற்குக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை என்ற மிக எளிய செய்தியை நூல் பொருட்படுத்துகிறது. பேசுவதற்காக ஒருவரை அறைக்கு அழைத்தாலும் இருவரும் கட்டிலில்தான் அமர வேண்டும். முதலாண்டு மாணவருக்குப் பகிர்ந்த அறை, மூத்தவருக்குத் தனியறை. பெண் மாணவர் சங்க இல்லங்கள் பலவற்றில் மதுவுக்குத் தடை இருப்பதால், மதுவுடன் கூடிய விருந்துகள் ஆண் மாணவர் சங்கங்களின் இல்லங்களில் நடக்கின்றன. கதவும் மதுவும் இசையும் விளக்கும் யார் கையில் என்ற வினாவுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. ஒருவர் உள்ளே நுழையும் முன்பே அதிகாரம் அறையில் அமர்ந்திருக்கிறது.

இன்னொரு கண்டறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு வருமுன் மறுக்கும் திறனையும் உள்ளடக்கிய பாலியல் கல்வி பெற்ற மாணவியர், கல்லூரியில் வல்லுறவுக்கு உள்ளாகும் வாய்ப்பு குறைவாக இருந்ததை இத்திட்டத்தின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. பாலுறவைத் தவிர்க்குமாறு மட்டும் போதிக்கும் கல்விக்கு அவ்விளைவு காணப்படவில்லை. வன்முறையின் காலம் அந்த இரவோடு தொடங்கவில்லை. பல ஆண்டுகள் முன்னரே தொடங்குகிறது என்பது இதன் பொருள்.

இந்நூலின்மீது ஒரு திறனாய்வு இன்றியமையாதது. அமைப்பை விளக்குவதில் நூல் காட்டும் பொறுமை, செய்தவரின் பொறுப்பைக் கரைத்துவிடுமோ என்ற அச்சம் வாசிப்போர்க்கு எழும். தம் சொற்களாலேயே வன்முறையை விவரித்துவிட்டு, அது வன்முறை என்பதையே அறியாமல் பேசும் மாணவர்களை நூல் நமக்குக் காட்டுகிறது. அவர்களைப் பரிவோடு அணுகுவது உள்ளானவருக்கு இழைக்கும் அநீதி ஆகாதா? நூலாசிரியர்கள் பொதுச் சுகாதார நோக்கில் பேசுகின்றனர். ஒருவரைத் தண்டிப்பதும் அடுத்த நிகழ்வைத் தடுப்பதும் வேறுவேறு பணிகள் என்பது அவர்களது நிலைப்பாடு. இந்நிலைப்பாடு ஏற்கத்தக்கதே. ஆனால் தடுப்பைப் பற்றிய நூல் நீதியைப் பற்றிய வினாவுக்கு விடையாகாது. அவ்வினா எங்கேனும் கேட்கப்பட வேண்டும். அமெரிக்க அரங்கு அதனைக் கையிலெடுத்துக்கொண்டது.

4. விசாரணையின் வடிவில் நாடகம்

கல்வியில் பால்வழிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 2011இல் அமெரிக்கக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை, வளாகப் பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகமே விசாரிக்க வேண்டும் என்றும், நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதற்கான சாய்வு மிகுந்திருந்தாலே சான்று போதும் என்றும் வலியுறுத்தியது. தராசின் ஒரு தட்டில் ஓர் இறகு கூடினாலும் போதும் என்று இவ்வளவுகோலை எளிமையாக விளக்குவது வழக்கம். 2017இல் அச்சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. 2020இன் விதிகள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நேரடி விசாரணையையும், இருதரப்பு ஆலோசகர்கள் நடத்தும் குறுக்கு விசாரணையையும் கட்டாயமாக்கின. ஆக, விசாரணை அறை அமெரிக்க வளாக வாழ்வின் ஒரு மேடையாகவே ஆகிவிட்டது. நாடகாசிரியர்கள் அதன்பால் ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை.

இவ்வடிவத்துக்கு முன்னோடி டேவிட் மாமெட்டின் ‘ஒலியானா’. 1992இல் மேடையேறிய இந்நாடகம் பேராசிரியர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் இடையிலான மூன்று சந்திப்புகளைக் கொண்டது. உச்சநீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ்மீது அனிதா ஹில் செனட் குழுமுன் சான்றுரை அளித்து ஓராண்டும் ஆகாத காலம் அது. பார்வையாளர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். இறுதியில் பேராசிரியர் மாணவியைத் தாக்கும்போது அரங்கில் கைதட்டல் எழுந்ததுண்டு. பார்வையாளரை நீதிபதியாக்கினால் அவர் தண்டனையையும் கேட்பார் என்பதற்கு அக்கைதட்டலே சான்று.

அன்னா ஸீக்லரின் ‘ஆக்சுவலி’ இதைவிட நுட்பமான படைப்பு. 2017இல் மேடையேறிய இந்நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள்: பிரின்ஸ்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களான யூத மாணவி ஆம்பர், கறுப்பின மாணவன் டாம். விருந்தில் இருவரும் குடிக்கின்றனர். அவனது அறைக்குச் செல்கின்றனர். பின்னர் அவள் சொன்ன ஒரு சொல் புகாராக உருவெடுத்து, பல்கலைக்கழகக் குழுவின்முன் இருவரும் நிற்கின்றனர். பெரும்பாலும் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நம்மை நோக்கியே பேசுகின்றனர். கட்டிலில் இருக்கும்போது ஆம்பரிடமிருந்து வெளிப்பட்டு முற்றுப்பெறாமல் போகும் ‘ஆக்சுவலி’ என்ற சொல்லே தலைப்பு. ‘இல்லை’ என்று சொல்ல எடுத்த வாய் பாதியில் நின்றுவிட்ட அச்சொல்லை அவன் கேட்டானா, கேட்டும் விளங்கிக்கொள்ளவில்லையா என்பதில் நாடகம் தங்குகிறது. தீர்ப்பை நாடகம் நம்மிடம் தருவதில்லை.

இந்நாடகத்தின் வலிமை இருவரின் பாலியல் நோக்கங்களையும் அது திறந்து காட்டுவதில் உள்ளது. தான் விரும்பப்பட வேண்டும் என்ற ஏக்கமும், தன் உடலை நம்ப இயலாத தயக்கமும் ஆம்பரை அந்த அறைக்குக் கொண்டு வருகின்றன. தனிமையும், தன்னைப் பற்றிய பிறர் கற்பனையை மெய்ப்பித்தாக வேண்டிய சுமையும் டாமைக் கொண்டு வருகின்றன. மேலும், வெள்ளையினப் பெண்களின் பெயரால் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுக்காகக் கறுப்பின ஆண்கள் கொல்லப்பட்ட அமெரிக்க வரலாறும், பெண்ணின் சொல் நம்பப்படாத வரலாறும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்கின்றன. எந்தக் கணக்கெடுப்பாலும் இதனைச் செய்ய முடியாது.

எனினும் இரண்டு வினாக்களை எழுப்பியாக வேண்டும். முதலாவது, சமநிலை பற்றியது. இருவருக்கும் ஏறத்தாழச் சமமான நேரம், சமமான ஒளி, பார்வையாளரோடு சமமான நெருக்கம். இந்த அமைப்பே ஐம்பதுக்கு ஐம்பது என்னும் ஐயத்தை உருவாக்கிவிடுகிறது. நாடகம் கண்டடைந்ததாக நாம் நினைக்கும் ஈரடித்தன்மையின் ஒரு பகுதி, நாடகம் தொடங்குமுன்பே அதன் கட்டமைப்பில் வைக்கப்பட்டதாகும். நடுநிலை என்று பாராட்டப்படுவது சில வேளைகளில் வடிவத்தின் விளைவே.

இரண்டாவது, மேடையில் இல்லாதவர்கள் பற்றியது. விருந்தை நடத்தியவர்கள், மதுவை ஊற்றியவர்கள், இருவரும் கிளம்பியதைப் பார்த்த தோழர்கள் ஆகியோர் இருவரின் பேச்சில் மட்டும் தோன்றி மறைகின்றனர். அவர்களுக்கு உடல் இல்லை. ‘ஷிஃப்ட்’ ஆய்வு யாரையெல்லாம் பார்க்கச் சொல்கிறதோ அவர்கள் அனைவரும் நாடகத்திலிருந்து நீங்கிவிட்டனர். எஞ்சியவர்கள் வாதி, பிரதிவாதி, அவர்களோடு நாம். வளாகத்தில் நிகழும் வன்முறைகளுள் மிகச் சிலவே முறையான புகாராகின்றன. அப்படியிருக்க, விசாரணைக்கு வந்த நிகழ்வை மட்டுமே நாடகமாக்கும்போது அரிதானது பொதுவானதாகத் தோற்றம் கொள்கிறது. எவர் பொய் சொல்கிறார் என்று ஆராய்ந்தவாறே வீடு திரும்பும் பார்வையாளர், தான் கலந்துகொண்ட விருந்துகளை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையிலிருந்து தப்பிவிடுகிறார்.

5. அறையைவிட்டு வெளிவந்த மெத்தை

‘ஷிஃப்ட்’ களப்பணி தொடங்கும் முன், அதே கொலம்பியா வளாகத்தில் ஒரு நிகழ்த்துகலை நடந்தது. காண்கலை மாணவி எம்மா சுல்கோவிச் தம் இளநிலை இறுதியாண்டுப் படைப்பாக, 2014 செப்டம்பர் முதல் 2015 மே மாதப் பட்டமளிப்பு வரை, ஏறத்தாழ 50 பவுண்டு எடையுள்ள விடுதி மெத்தை ஒன்றை வளாகத்தில் தாம் செல்லுமிடமெல்லாம் சுமந்தார். தம்மைச் சக மாணவர் ஒருவர் வல்லுறவு செய்ததாக அவர் கூறினார். அம்மாணவர் அதனை மறுத்தார். பல்கலைக்கழக விசாரணையும் அவரைப் பொறுப்பாளி அல்லர் என்றே முடிவு செய்திருந்தது. பின்னர் அவர் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அது 2017இல் உடன்பாட்டில் முடிந்தது. அவ்வழக்கின் உண்மையை முடிவு செய்வது இக்கட்டுரையின் பணியன்று. படைப்பின் இலக்கணமே இங்குக் கருதப்படுகிறது.

அப்படைப்புக்குச் சில விதிகள் இருந்தன. வளாகத்தில் இருக்கும்போதெல்லாம் மெத்தை உடன் இருக்க வேண்டும். பிறரிடம் உதவி கேட்கக் கூடாது. ஆனால் தாமாக முன்வந்து எவரேனும் தூக்கினால் ஏற்கலாம். இறுதி விதியில்தான் இப்படைப்பின் அரங்கியல் அறிவு உள்ளது. அது பார்வையாளரை நீதிபதியாக நிறுத்தவில்லை. ஒரு முனையைத் தூக்குவதா, கடந்து செல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவராக நிறுத்தியது. மேலும், அறைக்குள் மறைந்திருக்க வேண்டிய பொருளை அது புல்வெளிக்கும் வகுப்பறைக்கும் கொண்டு வந்தது. கட்டிலைத் தவிர அமர இடமில்லாத அறை என்று ஆய்வு பின்னர் எழுதியதை, எடையுள்ள பொருளாக அது முன்னரே வளாகத்தில் நடமாடச் செய்தது எனலாம்.

இதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது. ஊடகங்களின் கைக்குச் சென்றதும் இப்படைப்பு மீண்டும் வழக்காகவே வாசிக்கப்பட்டது. யார் சொல்வது மெய் என்ற வினாவே எஞ்சியது; மெத்தையின் எடையும் உதவும் கைகளும் மறக்கப்பட்டன. தனியொருவரின் வழக்கோடு பிணைந்த கலைப்படைப்பு அவ்வழக்கின் விதியிலிருந்து விடுபடுவது கடினம். பெயருள்ள ஒரு மனிதர் குற்றம் சாட்டப்படும்போது எழும் அறக்கேள்வியும் இதில் உண்டு. ஆய்வாளர் தம் தகவலாளரின் அடையாளங்களை மாற்றி மறைக்கிறார். நிகழ்த்துகலைஞர் தம் முகத்தையே முன்வைக்கிறார். இரண்டும் வெவ்வேறு பொறுப்புகள். ஒன்றின் அறத்தால் மற்றொன்றை அளக்க இயலாது.

6. பார்வையாளர் மேடையேறும்போது

அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கு இவ்விடத்தில் பொருந்தி வருகிறது. பெரு நாட்டில் நடந்த ஒரு நிகழ்வில், தாம் சொன்ன தீர்வை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று சினந்த பெண் ஒருவர் தாமே மேடையேறி நடித்துக் காட்டியதிலிருந்து விவாத அரங்கு பிறந்ததாகப் போவால் கூறுவார். சிக்கலான ஒரு காட்சி முதலில் நடிக்கப்படுகிறது. மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் எவரும் நிறுத்தச் சொல்லி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் தாம் நின்று வேறு வழியை முயலலாம். மேடை இங்கே ஒத்திகைக் களமாகிறது.

பாலியல் வன்முறைக்கு இம்முறையை அப்படியே பயன்படுத்துவதில் ஓர் இடர் உள்ளது. உள்ளானவரின் இடத்தில் நின்று வேறு வழி காட்டுவது, அவள் இப்படிச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று பொதுவில் சொல்வதாகிவிடும். கலிஃபோர்னிய அரசுப் பல்கலைக்கழகத்தின் லாங் பீச் வளாகத்தில் மார்க் ரிச் 2000இல் தொடங்கிய ‘இன்டர்ஆக்ட்’ குழு இவ்விடரை உணர்ந்து முறையை மாற்றியது. அங்கே பார்வையாளர் தோழர்களின் இடத்தில் நிற்கின்றனர். பெண்களை இழிவாகப் பேசும் நண்பனை இடைமறிப்பது எப்படி, வன்முறைக்கு உள்ளான தோழி வந்து சொல்லும்போது என்ன சொல்வது என்பவை அவர்கள் செய்து பார்க்க வேண்டியவை. ‘ஆக்சுவலி’யில் உடலற்றுப் போனவர்களுக்கு இங்கே உடல் கிடைக்கிறது. சொற்களை அறிந்திருப்பதும் அவற்றைப் பிறர்முன் வாய்திறந்து சொல்வதும் வேறுவேறு என்பதை மேடையேறும் மாணவர் உடனே உணர்கிறார்.

இதனால் உள்ளாகக்கூடியவர் பயிற்சி பெறுவதே தவறு என்று முடிவு செய்துவிட இயலாது. சார்லீன் சென் தலைமையில் கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவியரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு இதற்கு மறுசான்று. இடரை மதிப்பிடுதல், அறிந்தவரே அத்துமீறும்போது அதனை இனங்கண்டு எதிர்த்தல், தன் விருப்பங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பன்னிரண்டு மணிநேரத்தில் பயிற்றுவித்த அத்திட்டத்தில் பங்கேற்றோரிடையே, ஓராண்டில் வல்லுறவுக்கு உள்ளாகும் இடர் 5.2 விழுக்காடாகவும், துண்டறிக்கைகள் மட்டும் பெற்ற குழுவில் 9.8 விழுக்காடாகவும் இருந்தது. ஒத்திகை பயன் தருகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

அப்படியானால் ஒரே செயல் ஓரிடத்தில் பழிசுமத்தலாகவும் மற்றோரிடத்தில் ஆற்றலளிப்பதாகவும் ஆவது எதனால்? வேறுபாடு பார்வையாளரில் இருக்கிறது. கனடாத் திட்டம் பெண்கள் மட்டும் கூடிய சிறு குழுக்களில் நடந்தது. வேடிக்கை பார்ப்போர் அங்கில்லை. அதே எதிர்ப்பு உத்திகளை ஆண்களும் பெண்களும் கலந்த பேரரங்கில் நடித்துக் காட்டினால், பார்ப்போர் அவற்றை நடந்து முடிந்த நிகழ்வின்மீதான தீர்ப்பாக வாசிக்கக்கூடும். யார் பார்க்கிறார் என்பது செயலின் பொருளையே மாற்றிவிடுகிறது. அரங்கியல் நீண்டகாலமாக அறிந்த இவ்வுண்மையைத் தடுப்பு ஆய்வுகள் போதிய அளவில் கருத்தில் கொள்ளவில்லை. அரங்கிடமிருந்து ஆய்வு கற்க வேண்டிய இடம் இதுவே.

7. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து, வளாகப் பாலியல் வன்முறையைப் பேசும் அரங்கை மதிப்பிட மூன்று வினாக்களை வகுக்கலாம். பார்வையாளரை அது நீதிபதியாக அமர்த்துகிறதா, விருந்துக்கு வந்தவராக, தோழராக, அறைத்துணையாக அமர்த்துகிறதா? அந்த ஓர் இரவை மட்டும் காட்டுகிறதா, அதற்கு முந்தைய கல்வியையும் இடத்தின் அதிகாரத்தையும் காட்டுகிறதா? அரங்கைவிட்டு வெளியேறும்போது பார்வையாளரிடம் ஒரு தீர்ப்பு எஞ்சுகிறதா, செய்யத்தக்க ஒரு செயல் எஞ்சுகிறதா? இவ்வினாக்களின்முன் ‘ஆக்சுவலி’ முதலிரண்டில் பாதியளவே நிற்கிறது. மெத்தை நிகழ்த்துகலை முதலிலும் மூன்றிலும் வென்று ஊடகவெளியில் தோற்கிறது. விவாத அரங்கு கலைச்செறிவில் குறைந்தாலும் மூன்றாவதில் முன்நிற்கிறது.

விசாரணை நாடகத்தைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீதி கிட்டாதவருக்கு, தம் சொல் முழுமையாகக் கேட்கப்படும் ஓர் இடத்தை மேடை அளிக்கிறது. அந்த உரிமையை எந்த ஆய்வும் பறிக்க இயலாது. ஆனால் விசாரணையே முழு உண்மை என்று மேடை காட்டும்போது, உண்மையின் பெரும்பகுதி அரங்குக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இக்கருத்தாக்கங்களை இந்திய வளாகங்களுக்கு அப்படியே பெயர்த்துவர இயலாது. 1997இன் விசாகா தீர்ப்பு, 2013ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆகியவற்றின்வழி இங்கும் விசாரணைக் குழுக்கள் உள்ளன. ஆனால் இங்குள்ள பாலியல் புவியியல் வேறு. மாலையில் பூட்டப்படும் பெண்கள் விடுதிக் கதவுக்கு எதிராக 2015இல் தில்லியில் எழுந்த ‘பிஞ்சரா தோட்’ இயக்கம் காட்டியதுபோல, இங்கே அடைத்துவைத்தலே பாதுகாப்பு எனப் பெயர் பெறுகிறது. நெறியாளரின் அறை, ஆய்வேட்டின் கையொப்பம், சாதி, விடுதிக் காப்பாளரின் பதிவேடு ஆகியவை நம் வளாகங்களின் கதவுகளும் சாவிகளும் ஆகும். அவற்றைக் களப்பணியால் ஆராய்ந்து, பின் மேடையேற்றும் பணி நம் பல்கலைக்கழகங்களின் சமூகவியல், தமிழ், நாடகத் துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்கது.